வேலி போடும் முன் ஊரோடு பேசுங்கள்: கட்டுமானக் கேள்வி பதில்

கட்டுமான நிறுவனம் தான் வேலை செய்யும் ஊருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் அதன் வடகரை ஊர்களிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. கேட்டவர்களில் ஒப்பந்தக்காரர்களும் உண்டு, அவர்கள் கிளப்பும் புழுதியைத் தின்கிறவர்களும் உண்டு. இரு தரப்பையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

கேள்வி (பீனிக்ஸ், சிறு ஒப்பந்தக்காரர்): ஐயா, எங்களுக்கு முதன்முறையாக நகராட்சியின் மழைநீர்க் குழாய் வேலை கிடைத்திருக்கிறது. இடம் இனாண்டா பக்கம். முதல் நாளே ஆட்கள் வந்து வாசலை அடைப்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். ஊருக்கு ஒரு விருந்து போட்டுத் தொடங்கலாமா?

பதில்: விருந்து வேண்டாம். சாப்பிட்டுப் போன கூட்டம் மறுநாள் வேலை கேட்டு வரும். அப்போது சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அதைத்தான் முதலில் தயார் செய்ய வேண்டும்.

சைட் கைக்கு வர நான்கு வாரம் இருக்கும்போதே வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். நகராட்சியின் திட்டப் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் “எவ்வளவு கொடுத்தான்” என்ற பேச்சு அன்று மாலையே கிளம்பிவிடும். கவுன்சிலர் மூலமாக ஊர்ப் பிரதிநிதிகள் கொண்ட திட்டக் குழு கூடும். அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு தாள் எடுத்துப் போங்கள்: எந்த மாதம், என்ன வேலை, எத்தனை பேர், எத்தனை வாரம்.

இந்தத் தாளில்தான் பலர் சறுக்குகிறார்கள். தோண்டுவதற்கு 6 பேர் இரண்டு மாதம், குழாய் பதிக்க 14 பேர் நான்கு மாதம், கடைசியில் ஓரக்கல் வைக்கவும் புல் பதிக்கவும் 4 பேர் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கூட்டி “24 வேலை தருகிறோம்” என்று மேடையில் சொன்னால், ஊர் முதல் நாளே 24 பேரை அனுப்பும். நீங்கள் 6 பேரை எடுத்ததும் மிச்சம் 18 பேருக்கு நீங்கள் பொய்யர். மாதவாரியாகவே சொல்லுங்கள். மழையால் வேலை நின்றால் கூலி உண்டா இல்லையா என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லி, கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள்.

சி.எல்.ஓ. என்று எல்லோரும் சொல்லும் ஊர்த் தொடர்பாளரைக் குழு பரிந்துரைக்கும். சம்பளம் உங்கள் வழியாகப் போகும். அதற்கான தொகை, வேலைகளுக்கு விலை எழுதும் அளவுப் பட்டியலில் தொடக்கச் செலவுகளின் கீழ் இருக்கிறதா என்று டெண்டர் போடும்போதே பாருங்கள். இல்லையென்றால் டெண்டர் விளக்கக் கூட்டத்திலேயே எழுப்புங்கள்; பிறகு கேட்டால் அது உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். அவருடைய வேலையை எழுத்தில் கொடுங்கள்: பெயர்ப் பதிவேடு வைப்பது, தண்ணீர் நிறுத்தம், சாலை மறிப்பு அறிவிப்புகளை வீடு வீடாகக் கொடுப்பது, புகார் நோட்டில் பதிந்து 48 மணி நேரத்துக்குள் பதில் வாங்கித் தருவது. யாரை எடுப்பது என்ற முடிவை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்த இடங்களில் வேலைச் சீட்டு விலைக்குப் போயிருக்கிறது. சமூகக் கூடத்தில் பெயர் பதிந்து, எல்லோர் முன்னாலும் குலுக்கிப் போட்டு, வந்த வரிசையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதுதான் இதுவரை நின்று பிடித்த முறை. அடுத்த கட்டத்துக்கு ஆள் தேவைப்படும்போது அதே வரிசையில் அடுத்த பெயர்களுக்குப் போங்கள்.

எடுத்த ஆட்களிடம் மருத்துவத் தகுதிச் சான்றைச் சொந்தச் செலவில் வாங்கிவரச் சொல்லாதீர்கள். 2014 கட்டுமான விதிகளின்படி ஒவ்வொருவருக்கும் அது தேவை. வேலையில்லாதவன் அதற்குக் கடன் வாங்குவான். முதல் கூலி வட்டிக்குப் போகும். நீங்களே மருத்துவமனையில் மொத்தமாக ஏற்பாடு செய்யுங்கள். பூட்ஸ், ஹெல்மெட் பணத்தைக் கூலியில் பிடிப்பது 1993 தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி குற்றம். குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் 1 முதல் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது; ஒவ்வொரு மார்ச்சிலும் மாறும். அரசின் விரிவாக்கப் பொதுப்பணித் திட்டத்தில் சேர்ந்த வேலை என்றால் அதற்குத் தனியாக, இதைவிடக் குறைந்த விகிதம் உண்டு. உங்கள் வேலை எந்த வகை என்பதை ஆள் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முதல் சம்பள நாளில் தெரியவந்தால் அன்றே வாசல் அடைபடும்.

இன்னொன்று. அறிவிப்புகள் சூலுவிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். சூலுவில் எழுதத் தெரிந்தவரை வைத்து எழுதுங்கள். கணினி மொழிபெயர்ப்பை ஒட்டினால் ஊரே சிரிக்கும்.

கேள்வி (அதே வாசகர்): வணிக மன்றம் என்று சொல்லி வருகிறவர்கள் “வேலையில் 30 சதவீதம் எங்களுக்கு, சட்டம் இருக்கிறது” என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. 2017ஆம் ஆண்டின் கொள்முதல் விதிகளில் ஒரு 30 சதவீதம் இருந்தது. அது அரசு அமைப்புகளின் 30 மில்லியன் ராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு. சாத்தியப்படும் இடத்தில், டெண்டரிலேயே எழுதி, குறிப்பிட்ட பிரிவினருக்குத் துணை ஒப்பந்தம் தருவதற்கு. தனியார் வேலைக்கு அது என்றுமே பொருந்தவில்லை. வாசலுக்கு வந்து கேட்பவருக்குக் கொடு என்றும் அது சொல்லவில்லை. 2023 ஜனவரி 16 முதல் நடப்புக்கு வந்த விதிகளில் அந்தப் பகுதியே கிடையாது. உங்கள் டெண்டரில் தனியாக இலக்கு எழுதியிருந்தால் அது உங்களைக் கட்டும். அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

பணம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அடுத்த மாதம் வேறொரு குழு வரும். 2004 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, 1,00,000 ராண்டும் அதற்கு மேலும் உள்ள மிரட்டிப் பணம் பறித்தலை அறிந்தும் காவல் துறையிடம் சொல்லாத நிறுவனப் பொறுப்பாளரே குற்றவாளி ஆவார். வந்தவர் பெயர், நேரம், வண்டி எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் சைட் நாட்குறிப்பில் எழுதி, வேலை கொடுத்தவருக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றே அனுப்புங்கள்.

ஆனால் வாசலில் நிற்கிற எல்லோரையும் கொள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். டெண்டர் வந்ததே தெரியாத சிறு கொத்தனார்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கான வழி அடுத்த பதிலில்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், கட்டட நிறுவன மேலாளர்): ஊர்ச் சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தோம். இரண்டு பேர் பாதியில் ஓடிவிட்டார்கள், அவர்களுடைய ஆட்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நல்லது செய்யப்போய் வந்த வினை இது. எங்கே தவறு?

பதில்: விலையில், பிறகு பணம் கொடுத்த நாளில். பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

புதிதாக வருபவர் வேலை கிடைத்தால் போதும் என்று குறைத்து எழுதுவார். குறைந்த விலை என்று நீங்களும் மகிழ்ந்து கையெழுத்துப் போடுவீர்கள். அந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 222 × 106 × 73 மி.மீ. செங்கல்லில் 10 மி.மீ. சாந்து இடைவெளி விட்டால், 106 மி.மீ. தடிமனுள்ள ஒற்றை வரிச் சுவருக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 52 கல். 230 மி.மீ. சுவருக்கு 104, உடைசல் சேர்த்து 110. ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஒரு நாளில் சுமார் 450 கல் வைத்தால் அது 4 சதுர மீட்டர். இருவருக்கும் வெறும் 2025ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலி மட்டும் போட்டாலே 8 மணி நேரத்துக்கு 460 ராண்ட் ஆகிறது. அதாவது சதுர மீட்டருக்கு 115 ராண்ட். கொத்தனார் குறைந்தபட்சக் கூலிக்கு வரமாட்டார். சாரம், கருவி, போக்குவரத்து இதில் சேரவில்லை. இந்த நிலையில் ஒருவர் கூலி மட்டும் 90 ராண்ட் என்று எழுதித் தந்தால், மூன்றாவது வாரம் அவர் ஓடுவார் என்பது அந்தத் தாளிலேயே இருக்கிறது. கூப்பிட்டு, கணக்கைக் காட்டி, விலையை உயர்த்தி எழுதச் சொல்லுங்கள். இது தர்மம் இல்லை, உங்கள் வேலைக்கான காப்பீடு.

இரண்டாவது, பணம். உங்களுக்குப் பணம் வர 30 நாளோ அதற்கு மேலோ ஆகும். நீங்கள் தாங்குவீர்கள், அவர் தாங்கமாட்டார். 14 நாளுக்கு ஒருமுறை அளந்து கொடுங்கள். சிமெண்டும் கல்லும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், அல்லது கடைக்கு நேராகச் செலுத்துங்கள். அவரிடம் முன்பணமாகக் கொடுத்தால் அது பழைய கடனுக்குப் போய்விடும் வாய்ப்பு அதிகம். நீங்கள் பொருள் கொடுத்தால் கணக்கும் வைக்க வேண்டும்: சுவர் அளவுக்கு எத்தனை மூட்டை என்று கணக்கிட்டு, காலையில் அந்த அளவை மட்டும் கொடுங்கள். குறைகளைச் சரிசெய்யும்வரை பிடித்துவைக்கும் தொகையை 10 சதவீதம் என்று போடாதீர்கள். அவருடைய லாபமே அவ்வளவு இருக்காது.

மூன்றாவதாக ஒரு சட்டச் சிக்கல். அவர் தொழிலாளர் இழப்பீட்டு நிதியில் பதிந்து, கட்டணப் பாக்கி இல்லை என்ற நல்ல நிலைச் சான்று வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய ஆள் விழுந்து கால் முறித்தால் பொறுப்பு உங்களிடம் வந்துசேரலாம். பதிவு செய்யத் தெரியாதவருக்கு உங்கள் அலுவலகக் கணக்கர் ஒரு காலை நேரம் ஒதுக்கிப் பதிந்து கொடுத்தால் போதும்.

எதைப் பிரித்துக் கொடுக்கலாம்? ஓரக்கல், கல் பாவிய வடிகால் சரிவு, செங்கல் மேன்ஹோல், பூச்சு, பெயிண்ட், வேலி, புல், துப்புரவு, சாப்பாடு. ஆழத் தோண்டுவது, முட்டு கொடுப்பது, தாங்குதளக் கான்கிரீட் இவற்றைப் புதியவர் கையில் கொடுக்காதீர்கள்.

அவருக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய சொத்து ஒன்று உண்டு, அதற்குச் செலவே இல்லை. அரசு வேலை எடுக்க, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிவு வேண்டும். முதல் படியில் சேர முன் அனுபவம் கேட்பதில்லை, ஆனால் 5,00,000 ராண்டுக்கு மேல் வேலை எடுக்க முடியாது. மேற்படிகளுக்கு ஏற, முடித்த வேலையின் மதிப்புக்கு ஆதாரம் கேட்பார்கள். வேலை முடிந்ததும் நிறுவனத் தாளில் என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பெரிய நிறுவனங்கள் சோம்பலால் இதைத் தருவதில்லை. அந்த ஒரு தாள் இல்லாமல் பல ஆண்டுகள் முதல் படியிலேயே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (டொங்காட், இல்லத்தரசி): எங்கள் தெருவின் மேட்டுப் பக்கம் குடியிருப்பு கட்டுகிறார்கள். வெயிலில் சிவப்புப் புழுதி, மழையில் சிவப்புச் சேறு. வடிகால் அடைத்து எங்கள் வாசலுக்குத் தண்ணீர் வருகிறது. மண் இறுக்கும் உருளை ஓடினால் பாத்திரம் குலுங்குகிறது. கேட்டால் “பள்ளிக்கு டெஸ்க் வாங்கிக் கொடுத்தோமே அம்மா” என்கிறார்கள். யாரிடம் சொல்வது?

பதில்: டெஸ்க்கும் சேறும் வேறு வேறு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியாது.

டர்பன் கரையோரத்தின் பெரிய பகுதி பெரேயா சிவப்பு மணல். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். தண்ணீர் பட்டால் சர்க்கரைபோல் கரைந்து ஓடும். மழைக்காலம் அக்டோபரில் தொடங்குகிறது. புல்லை முழுவதும் வழித்துவிட்டு அந்த மாதத்தில் தோண்டல் தொடங்கினால் சேறு இறங்கத்தான் செய்யும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இதை மறந்துவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டியவை பெரிய செலவு அல்ல. கட்டப்போகும் துண்டை மட்டும் வழிக்க வேண்டும். சரிவின் அடியில் சமமட்டக் கோட்டில் வண்டல் தடுப்புத் துணி: அடிப்பகுதி 150 மி.மீ. பள்ளத்தில் புதைந்திருக்க வேண்டும், 2 மீட்டருக்கு ஒரு கம்பம். பல சைட்டுகளில் துணியைத் தரைமேல் தொங்கவிட்டிருப்பார்கள். சேறு அடியில் புகுந்து போகும். மூன்றில் ஒரு பங்கு உயரம் நிரம்பியதும் மண்ணை அள்ள வேண்டும். தெரு வடிகால் வாய்களைச் சுற்றி ஜல்லி மூட்டை வைக்க வேண்டும். வாயையே மூடிவிட்டால் தண்ணீர் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வாசலில் 10 மீட்டராவது கருங்கல் ஜல்லி பரப்பினால் டயர் மண் அங்கேயே உதிரும். கான்கிரீட் லாரி கழுவும் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. பிளாஸ்டிக் விரித்த குழியில்தான் அது விழ வேண்டும். ஓடையில் விட்டால் மீன் மிதக்கும்.

உருளை விஷயம்: வீடுகளுக்கு அருகில் அதிர்வை அணைத்துவிட்டு ஓட்டலாம், அல்லது சிறு தட்டு எந்திரத்தால் 150 மி.மீ. அடுக்குகளாக இறுக்கலாம். நேரம் அதிகமாகும், அவ்வளவுதான். அக்கம்பக்க வீடுகளின் விரிசல்களை வேலைக்கு முன்பே அளவுகோல் வைத்துத் தேதியோடு படமெடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தால் பிறகு சண்டை வராது. உங்கள் வீட்டில் அது நடக்கவில்லை என்றால் நீங்களே இன்று எடுங்கள். விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு அகலத்தையும் தேதியையும் சுவரிலேயே எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

நேரத்துக்கும் விதி இருக்கிறது. தேசியக் கட்டட விதிகளின் எஃப் பகுதிப்படி, தொந்தரவு தரும் எந்திரங்களை வார நாளில் காலை 6 மணிக்கு முன்னும் மாலை 6க்குப் பின்னும், சனிக்கிழமை மாலை 5க்குப் பின்னும், ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் எப்போதும் இயக்கக்கூடாது. விதிக்கு மேல், நல்ல நிறுவனம் ஊரின் நாட்காட்டியைக் கேட்டு வாங்கும். டிசம்பர் நடுவில் சைட்டுகள் மூடி ஜனவரியில் திறக்கும்போது எல்லோரும் வேலையை முடிக்கப் பறப்பார்கள். அதே நேரத்தில்தான் தைப்பூசக் காவடி தெருவில் வரும். ஈஸ்டர் வாரத்தில் பல கோயில்களில் தீமிதி. சூலு அண்டை வீட்டாரின் இறுதிச் சடங்கு பெரும்பாலும் சனிக்கிழமை காலை. அந்தத் தெருவில் அன்று டிப்பர் ஓட்டாதிருப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

புகாரைத் தொலைபேசியில் சொல்லி விட்டுவிடாதீர்கள். சைட் பலகையில் உள்ள ஒப்பந்தக்காரர், பொறியாளர், நிலத்துக்காரர் மூவருக்கும் ஒரே கடிதத்தைப் படங்களோடு அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் நகராட்சியின் கட்டட ஆய்வாளருக்கு. திறந்த பள்ளம் தெருவை ஒட்டி வேலியில்லாமல் கிடந்தால் காத்திருக்க வேண்டாம்: பொதுமக்கள் வரக்கூடிய பள்ளத்துக்கு 1 மீட்டர் உயரத் தடுப்பு கட்டாயம், தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

கேள்வி (வெருலம், கோயில் குழுச் செயலாளர்): எங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் நிறுவனம் மீந்த கம்பி, சிமெண்ட், கல் தருவதாகச் சொல்கிறது. அதை வைத்துச் சமையற்கூடத்தின் மேல் ஒரு மாடி எழுப்ப நினைக்கிறோம். பக்தர்களில் கொத்தனார்கள் இருக்கிறார்கள். சரிதானே?

பதில்: மாடி வேண்டாம் ஐயா. மீந்த பொருளில் மாடி கட்டவே கட்டாதீர்கள்.

மூட்டை சிமெண்ட் ஈரமில்லாத இடத்திலேயே ஏறக்குறைய மூன்று மாதத்தில் வலு குறையத் தொடங்கும். விரலால் நசுக்கியும் உடையாத கட்டி இருந்தால் அது குப்பை. மீந்த கம்பி என்றால் துண்டுக் கம்பி; இரண்டு கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டிய நீளம் போதாமல் கட்டுவார்கள். லாரியில் மிஞ்சிய கான்கிரீட்டில் தண்ணீர் ஊற்றி நேரத்தை இழுத்திருப்பார்கள். கீழேயுள்ள பழைய சுவரும் அடித்தளமும் ஒரு மாடியைத் தாங்குமா என்று பொறியாளர் பார்க்கவில்லை. டொங்காட்டில் 2013 நவம்பர் 19 அன்று கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து 2 பேர் இறந்தார்கள், 29 பேர் காயப்பட்டார்கள். நீதிமன்றத் தடை இருந்தும் அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது.

1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் சட்டப்படி, அங்கீகரித்த வரைபடம் இல்லாமல் கட்டக்கூடாது. கோயிலுக்கு விலக்கு இல்லை. 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு, முழுமையாகக் கொடுத்த விண்ணப்பத்தின் மீது நகராட்சி 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் கோயிலின் வயது 60 ஆண்டுக்கு மேல் என்றால் இன்னொரு படி உண்டு: 1999 பாரம்பரியச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி மாகாணப் பாரம்பரிய அமைப்பான அமாஃபாவின் அனுமதியில்லாமல் இடிக்கவோ மாற்றவோ முடியாது. கரும்புத் தோட்டக் காலத்துக் கோயில்கள் பல இதில் அடங்கும். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் தொண்டர்கள் அதில் துளை போடவும் கூடாது, உடைக்கவும் கூடாது. 2020 விதிகளின்படி அதை அகற்றப் பதிவுபெற்றவர் வேண்டும். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பழைய நகராட்சி வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை.

நிறுவனத்திடம் பொருளைக் கேட்காதீர்கள். அவர்களுடைய பொறியாளரின் இரண்டு நாள், மட்டம் பார்ப்பவரின் அரை நாள், ஜே.சி.பி. ஒரு சனிக்கிழமை: இவற்றைக் கேளுங்கள். இவை உங்களுக்குக் கடையில் கிடைக்காதவை. இவற்றால் உடனே செய்யக்கூடிய இரண்டு வேலைகள் சொல்கிறோம்.

ஒன்று, சக்கர நாற்காலிச் சரிவு. சரிவு 1க்கு 12. வாசற்படி மொத்தம் 450 மி.மீ. உயரம் என்றால் சரிவின் நீளம் 5.4 மீட்டர், அகலம் குறைந்தது 1.1 மீட்டர், மேலும் கீழும் சமதளம், கைப்பிடி. இடம் போதவில்லை என்று 3 மீட்டரில் முடித்தால் நாற்காலி பின்னால் உருளும். நேராக இடமில்லை என்றால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்புங்கள். பளபளப்பு ஓடு பதிக்காதீர்கள். துடைப்பத்தால் கோடிழுத்த கான்கிரீட் போதும்.

இரண்டு, மழைநீர்த் தொட்டி. வெருலத்தில் குழாய்த் தண்ணீர் நிற்கும் நாட்களை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 60 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் 1,200 லிட்டர். சிதறல் கழித்து சுமார் 1,000 கிடைக்கும். 5,000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி நிரம்பினால் 5 டன். அதை மணல்மேல் வைத்தவர்கள் ஒரு மழைக்காலத்தில் சாய்ந்ததைப் பார்த்திருப்பார்கள். 2.2 × 2.2 மீட்டர், 100 மி.மீ. தடிமன் தளம், நடுவில் 193 எண் கம்பி வலை, அடியில் இறுக்கிய மண். கான்கிரீட் அரைக் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 50 கிலோ சிமெண்ட் ஏறக்குறைய 4 மூட்டை, இது புதிதாக வாங்கியதாக இருக்கட்டும். ஒரு வாரம் ஈரமாக வைத்த பிறகே தொட்டியை ஏற்றுங்கள். முதல் மழையின் அழுக்கை ஒதுக்கும் குழாய், கொசுவலை, நிரம்பி வழிவது மழைநீர் வடிகாலுக்கு. பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு, செடிக்கு இந்தத் தண்ணீர். குடிக்க வேண்டுமானால் வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து பிடிக்க வேண்டாம்.

நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை. முதலாளி தமிழர் என்றால் தானம் கோயிலோடு நின்றுவிடுகிறது. சைட்டில் மண் சுமப்பவர் இனாண்டா பக்கத்து ஏழைக் குடியிருப்பான அமாவோட்டியிலிருந்து இரண்டு பகிர்வு வேன் டாக்ஸி மாறி வருகிறார். அவருடைய பிள்ளைகளின் பள்ளியிலும் கழிப்பறை வேண்டும்.

கேள்வி (டர்பன், கணக்காளர்): இப்படிக் கொடுப்பவற்றுக்கு வரிச் சலுகை உண்டா?

பதில்: வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி ரசீது தரத் தகுதிபெற்ற அமைப்புக்குக் கொடுத்தால், வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிக்கலாம். கல்வி, நலவாழ்வு, மருத்துவம் போன்றவை அதில் வரும். சமயப் பணி வராது. ஆகவே கோயில் பொதுநல அமைப்பாகப் பதிந்திருந்தாலும், கோபுரத்துக்குக் கொடுத்த பணத்துக்குக் கழிவு கிடைக்காது. கறுப்பர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தின் பி.பி.பி.இ.இ. மதிப்பெண்ணில் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கான பொது இலக்கு வரிக்குப் பிந்தைய நிகர லாபத்தில் 1 சதவீதம்; அந்தச் சட்டத்தில் ‘கறுப்பர்’ என்பதில் இந்திய வம்சாவளியினரும் அடங்குவர். கட்டுமானத் துறைக்குத் தனி விதித்தொகுப்பு இருக்கிறது, அதையே பாருங்கள். ரசீதும் படமும் பயனாளி கையெழுத்தும் இல்லாத செலவைச் சரிபார்ப்பவர் ஏற்கமாட்டார்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், ஒப்பந்த நிறுவனப் பங்குதாரர்): மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடித்துச் சும்மா இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்குத் தொழில் கற்றுத்தர ஆசை. சென்ற முறை எடுத்தவர்கள் ஓராண்டு கழித்தும் ஒன்றும் தெரியாமல் போனார்கள்.

பதில்: ஓராண்டும் கல் சுமந்திருப்பார்கள். பயிற்சிக்கு வந்த பையனை மேஸ்திரி இலவசச் சித்தாளாகவே பார்ப்பார். அவருக்கு அன்றைய அளவு முடிய வேண்டும். அதனால் முதலில் மேஸ்திரியின் கணக்கை மாற்றுங்கள். பயிலுநர் உள்ள குழுவுக்கு அன்றாட இலக்கைக் குறையுங்கள். ஒரு கொத்தனாரிடம் இரண்டு பேருக்கு மேல் விடாதீர்கள். கற்றுக்கொடுக்கும் கொத்தனாருக்குத் தனியாக ஏதாவது சேர்த்துக் கொடுங்கள்.

கட்டுமானப் பயிற்சி ஆணையமான சீட்டாவில் பதிந்த பயிற்சியாக இருக்கட்டும், பக்கத்து டீ.வெட். தொழிற்கல்லூரி வழியாகச் செய்யலாம். பதியாத பயிற்சி வெளியே செல்லாது. பதிவுப் புத்தகத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் செய்த வேலைக்குக் கையெழுத்து விழ வேண்டும்: மூலை எடுத்தல், மட்டம், வளைவு, பூச்சு என்று தனித்தனியாக. ஆண்டு முடிவில் மொத்தமாகக் கையெழுத்திட முயன்றால் மேற்பார்வையாளர் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். தொழில் தேர்வுக்குப் பணம் கட்டி அனுப்புவது வரை உங்கள் பொறுப்பு என்று தொடக்கத்திலேயே எழுதுங்கள். பாதி பேர் அந்தக் கடைசிப் படியில்தான் நின்றுவிடுகிறார்கள்.

செலவில் ஒரு பகுதி திரும்பவும் வரும். ஆண்டுக் கூலித் தொகை 5,00,000 ராண்டைத் தாண்டினால் நீங்கள் ஏற்கெனவே 1 சதவீதம் திறன் வரி கட்டுகிறீர்கள். ஏப்ரல் 30க்குள் சீட்டாவிடம் பயிற்சித் திட்டமும் அறிக்கையும் கொடுத்து அவை ஏற்கப்பட்டால், கட்டியதில் 20 சதவீதம் மானியமாகத் திரும்பும். தேதி தவறினால் அந்த ஆண்டுக்கு இல்லை.

பெண் பிள்ளைகளும் விண்ணப்பிப்பார்கள். பூட்டுள்ள தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் முதல் நாளே இருக்க வேண்டும். அவை இல்லாத சைட்டில் முதல் மாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பிறகு “பெண்கள் தாங்கமாட்டார்கள்” என்று அறிக்கை எழுதுவார்கள்.

கேள்வி (ஸ்டாங்கர், சாலை ஒப்பந்தக்காரர்): வேலை முடிந்து கிளம்பும்போது ஊருக்கு எதை விட்டுச்செல்லலாம்? மண் எடுத்த குழியைக் குளமாக விடச் சொல்லிக் கேட்கிறார்கள்.

பதில்: குளமாக விடாதீர்கள். செங்குத்துக் கரையுள்ள மண் குழியில் தண்ணீர் தேங்கினால் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இறங்குவார்கள். வழுக்கும் கரையில் ஏறி வர முடியாது. குழியின் அனுமதியிலேயே மூடும் முறை எழுதியிருக்கும். கரையை நடந்து ஏறக்கூடிய சரிவாக்கி, முதலில் ஒதுக்கிவைத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி, புல் போட்டுவிட்டுத்தான் எந்திரத்தை ஏற்ற வேண்டும். மேல்மண்ணைத் தொடக்கத்தில் தனியாகக் குவித்து வைக்காதவர்களுக்கு இப்போது புல் முளைக்காது.

வேலைக்காக இழுத்த தண்ணீர்க் குழாயை ஊருக்கு விடலாம். நகராட்சி மீட்டரோடு எழுத்தில் ஏற்றுக்கொண்ட பிறகு மட்டும். கன்டெய்னர் அலுவலகத்தைப் பள்ளிக்குக் கொடுப்பதாக இருந்தால் ஜன்னல் வெட்டி, உட்புறம் வெப்பத் தடுப்பு வைத்து, மின் இணைப்புக்குப் பதிவுபெற்ற மின்பணியாளரின் சான்று வாங்கிக் கொடுங்கள். கரையோர வெயிலில் வெறும் இரும்புப் பெட்டிக்குள் பிள்ளைகள் உட்கார முடியாது; மூன்று மாதத்தில் அது பழைய நாற்காலி போடும் அறையாகிவிடும். புதைத்த குழாய்கள் எங்கே போகின்றன என்ற இறுதி வரைபடத்தின் ஒரு நகலை வார்டு அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து தோண்ட வருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.